பட்டி பார்த்த வண்டி

என் கணவர் ஸ்தனிஸ்லாஸ் தோல் கையுறை வாங்கி வந்தது ஒரு மே மாதத்தில். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாலும் பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும் திருச்சி மே மாதம். விரல்நுனி வெட்டிவிட்ட அந்தப் பழுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு, கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து, காற்றில் ஒரு ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"டிரைவிங் கிளவ்ஸ். இத்தாலிக்காரங்க இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டுவாங்க."

"நம்மகிட்ட இருக்கிறது என் ஸ்கூட்டிதானே?"

அவர் சிரித்தார். கேள்வித்தாள் முன்கூட்டியே கைக்குக் கிடைத்துவிட்ட மாணவன் தேர்வு அறைக்குள் நுழையும்போது சிரிக்கிற சிரிப்பு. முப்பது வருடமாகப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு வருகிற மதிப்பெண்ணும் தெரியும்.

அவர் கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் முப்பத்துநாலு வருடம் இருந்தவர். குவார்ட்டர்ஸில் இருந்தவரை கார் தேவைப்படவில்லை. ஒரு பழைய மாருதிகூட வாங்கியதில்லை. தம்பியின் காரை எப்போதாவது ஓட்டுவதற்காக ஒரு லைசென்ஸ் வைத்திருந்தார், அவ்வளவுதான். ஓய்வு பெற்றுக் கிராப்பட்டியில் சொந்த வீட்டுக்கு வந்த பிறகு, பழைய கார் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தார். அறுபது வயதைத் தொட்ட ஆண்கள் காலையில் எழுந்ததும் ஒருவருக்கொருவர் கார் படம் அனுப்பி, "என்ன வளைவு!" "இதல்லவா அழகு!" என்று உருகுகிற குழு. வீட்டில் இருக்கிற பெண்களைப் பார்த்து அந்த வார்த்தையில் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குழுவின் தலைவர் ரங்கசாமி. போர்வெல் லாரிகள் வைத்திருப்பவர். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு, அதற்குள் ஒரு ஷெட். அந்த ஷெட்டுக்குத்தான் மறுநாள் நாங்கள் போனோம்.

தார்ப்பாயை ரங்கசாமியே விலக்கினார். சிவப்புக் கார். இரண்டு கதவு, துணிக்கூரை, மூக்கு நீண்ட பழைய ஃபியட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் செய்தது என்றார். தொழிற்சாலை நிறுவ வந்த இத்தாலிய இன்ஜினீயர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது மனசில்லாமல் விட்டுப் போனாராம்.

"கேட்டு வர்றவங்க நிறைய பேர் சார். ஆனா ரசனை உள்ளவங்க கையிலதான் இது போகணும். அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

ரசனை என்ற சொல்லைக் கேட்டதும் என் கணவரின் முதுகு நிமிர்ந்தது. கொள்முதல் பிரிவில் ஒரு போல்ட் வாங்குவதற்கு மூன்று விலைப்புள்ளி கேட்ட மனிதர், இங்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பானெட்டைத் தடவினார். ஹாரனை அடித்தார். அது அடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார், தானே கண்டுபிடித்ததைப் போல.

பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை என்பதை நான் கவனித்தேன். ஓட்டுநர் பக்கக் கதவைச் சாத்தும்போது ரங்கசாமி அதைக் கொஞ்சம் மேலே தூக்கிச் சாத்தினார். அதையும் கவனித்தேன்.

"கீழே குனிஞ்சு பார்க்கலாமா?" என்றேன்.

"புடவை அழுக்காயிடும் மேடம். உங்களுக்குக் காபி சொல்லட்டுமா?" என்றார் ரங்கசாமி. மற்றபடி அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. நான் சும்மா இருக்க வேண்டும் என்பது கணவரின் பார்வையிலும் இருந்தது. நான் சும்மா இருந்தேன். நானும் குனியவில்லை. அந்த வெட்கக்கேட்டில் என் பங்கு அது.

ஒரு வாரத்தில் வண்டி எங்களுடையதாகிவிட்டது. லாரியில் ஏற்றிக் கொண்டுவரலாம் என்றேன். "குதிரையை யாராவது வண்டியில ஏத்துவாங்களா?" என்று கேட்டார். கையுறை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் அவரே ஓட்டினார். நான் பக்கத்தில். குதிரை காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற டவுன் பஸ். அதன் பின்னால் இன்னும் நாலு. காலை ஒன்பதரை மணி.

கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "யோவ் பெரியவரே, கூரையை எங்கய்யா விட்டுட்டு வந்தே?"

பஸ்ஸே சிரித்தது. என் பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் அந்த பஸ்ஸில் இருந்தார்கள். "குட்மார்னிங் மிஸ்" என்றார்கள். நான் இறங்கித் தள்ளினேன்.

வண்டி கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் உறையூரில் கலீல் பாயின் ஒர்க்‌ஷாப். கலீல் பாய் இருபது வருடம் குவைத்தில் கார் பாடி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒர்க்‌ஷாப்பின் ஒரு பாதியில் அவர் தகடு தட்டுவார். மறு பாதியில் அவர் மனைவி ஆபிதா தையல் மெஷின் போட்டு ஆட்டோக்களுக்கு ரெக்ஸின் கூரை தைப்பாள். இரண்டு பேருக்கும் வாடிக்கையாளர் என்றால் ஒரு சலிப்பு. எனக்கு உடனே பிடித்துப்போனது.

என் கணவர் வண்டியின் பெருமையை விளக்க ஆரம்பித்தார். இத்தாலி, இன்ஜினீயர், கப்பல். கலீல் பாய் காதில் வாங்கவே இல்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கதவில் ஒட்டினார். விழுந்தது. முன்சக்கரத்துக்கு மேலே ஒட்டினார். விழுந்தது. பின்பக்கம் ஓரிடத்தில் நின்றது, கொஞ்சம் கீழே நகர்த்தியதும் விழுந்தது.

"எங்க சார் வாங்குனீங்க?"

"ஏன்?"

"தகடு இருந்தா காந்தம் நிக்கும் சார். இதுல பாதி பட்டி."

பட்டி என்றால் பெயிண்ட் அடிக்குமுன் பள்ளத்தை நிரவுகிற பசை. நகத்தளவு பூசலாம். இதில் கையளவு பூசியிருந்தது. கலீல் பாய் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார். சிவப்புப் பெயிண்டோடு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கோணிச்சாக்கு. அதற்குள்ளே கோழிக்கூண்டுக் கம்பிவலை.

கால்மிதியை எடுத்துவிட்டுப் பார்த்தோம். ஓட்டுநர் காலடியில் அசல் தரையே இல்லை. ஒரு பழைய விளம்பரப் பலகையை வெட்டி அடித்திருந்தார்கள். கலீல் பாய் அதைப் பெயர்த்துத் திருப்பினார். நீல எழுத்தில் 'மூலம், பௌத்திரம், அறுவையின்றி' என்று இருந்தது.

"அல்லாவே" என்றாள் ஆபிதா, மெஷினை நிறுத்தாமல்.

என் கணவர் கையுறையைக் கழற்றினார். அன்று அவர் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது.

ரங்கசாமிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். "பழைய வண்டின்னா அப்படி இப்படித்தான் சார் இருக்கும். ஒவ்வொண்ணா பார்த்துப் பார்த்துப் பண்றதுலதான் சுகமே. அதுக்குத்தானே ரசனை வேணுங்கிறது" என்றார் ரங்கசாமி. இவர் "ஆமா சார், புரியுது சார்" என்றார். ஏமாற்றியவனிடம் சார் போட்டுப் பேசிய என் கணவரை அன்றைக்கு நான் பார்த்த பார்வையை அவர் மறந்திருக்க மாட்டார்.

அதன்பின் ஒர்க்‌ஷாப் பக்கமே அவர் போகவில்லை. பிரஷர் என்றார். முழங்கால் என்றார். ஒரு மாதம் கழித்து, பள்ளி முடிந்து வரும் வழியில், வண்டி என்ன ஆயிற்று என்று பார்க்க உறையூரில் இறங்கினேன். எனக்கு முன்பே அவர் அங்கே நின்றிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

"திரும்பப் பட்டியே பார்த்துடுங்க பாய். பளபளன்னு ஒரு பெயிண்ட். மதுரையில ஒரு பார்ட்டி கேக்குறான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

கலீல் பாய் என்னைப் பார்த்தார். ஆபிதாவின் மெஷின் நின்றது.

ஏமாந்தவரை நான் சகித்துக்கொண்டிருப்பேன். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் தான் ஏமாந்ததும், அடுத்த ஏமாளியைத் தேடி, அதே கோணியை அதே ஓட்டையில் திணிக்கச் சொல்கிற மனிதரோடு இருபத்தெட்டு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

"வேணாம் பாய்" என்றேன். "பட்டி எல்லாத்தையும் எடுங்க. எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கோ அவ்வளவுலேருந்து ஆரம்பிப்போம்."

"பேட்ரி!" என்று என் பெயரைச் சொல்லித் திரும்பினார். "நீ எப்ப வந்தே? உனக்கு இதெல்லாம்..."

"வண்டியை என் பேருக்கு மாத்துங்க. நாளைக்கே."

அவர் மாற்றிக் கொடுத்தார். வாதாடக்கூட இல்லை. தொல்லை விட்டது என்று அவருக்கு. அப்படித்தான் ஐம்பத்தாறாவது வயதில் நான் முதல்முறையாக ஒரு காருக்குச் சொந்தக்காரி ஆனேன். அந்த வண்டி மேல் எனக்கு அன்பு கிடையாது. இன்றைக்கும் பெரிதாகக் கிடையாது. பார்த்து எழுதிய விடைத்தாளுக்குப் பூஜ்யம் போட்டே பழகியவள் நான். அந்தக் கோணிச்சாக்கு உள்ளே இருக்கும்வரை எனக்குத் தூக்கம் வந்திருக்காது, அவ்வளவுதான்.

ஒன்றரை வருடம் பிடித்தது. சனிக்கிழமை முழுநாள், ஞாயிறு பூசை முடிந்து மதியம்வரை. முதல் நாள் கலீல் பாய் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். "உக்காருங்க டீச்சர், டீ சொல்றேன்." நான் துரு தேய்க்கிற எமரி பேப்பரைக் கேட்டேன். வேண்டாவெறுப்பாகக் கொடுத்தார். அரை மணி கழித்து வந்து பார்த்து, "இப்படித் தேய்ச்சா அடுத்த ரம்ஜானுக்கும் முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அது நியாயம்தான். மறுவாரம் வேகமாகத் தேய்த்தேன்.

கதவு ஏன் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. மேற்கூரை இல்லாத வண்டிக்கு, கதவுக்குக் கீழே ஓடும் ஓரத்தகடுதான் முதுகெலும்பு. அது உளுத்துப்போனால் வண்டி நடுவில் தொய்யும், கதவுச் சட்டம் கோணும். பாடப்புத்தகத்தில் இரண்டு முனையில் தாங்கிய சட்டம் என்று படம் போட்டு முப்பது வருடம் நடத்திய அதே கணக்கு. அன்று தென்னந்தோப்பில் என் கண்ணெதிரே அந்தப் படம் நின்றது, எனக்குத் தெரியவில்லை. என்னைப் பற்றி எனக்கு இருந்த மதிப்பும் அன்று கொஞ்சம் குறைந்தது.

"கதவு வாய்க்குக் குறுக்கே பைப்பு வச்சு வெல்ட் பண்ணிட்டுத்தான் இதை அறுக்கணும்" என்றார் கலீல் பாய். "இல்லேன்னா வண்டி வாழை இலை மாதிரி மடங்கிடும்."

"நடுவுல ஜாக்கி குடுங்க. தொய்வை முதல்ல எடுத்துட்டு அப்புறம் பைப்பு வைங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார். சொல்ல வரவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். அன்றிலிருந்து ஸ்டூல் போடுவதை நிறுத்தினார்.

இன்ஜினைத் திறந்தபோது அது இத்தாலியே இல்லை என்று தெரிந்தது. எப்போதோ யாரோ அசலைத் தூக்கிவிட்டு, நம் பம்பாய் ஃபியட்டின் இன்ஜினை உட்கார வைத்திருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு இது தெரிந்திருந்தால் ஒப்பாரி வைத்திருப்பார்கள். எனக்கு நிம்மதி. சாமான் கிடைக்கும். கூரையை ஆபிதா தைத்தாள். நாலு முறை அவிழ்க்கச் சொன்னேன்.

"ஆட்டோக்காரங்க யாரும் இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க டீச்சர். மழை வந்தா நனையக் கூடாது, அவ்வளவுதான் கேப்பாங்க" என்றாள் நாலாவது முறை பிரிக்கும்போது.

இடையில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். ஆர்.சி. புதுப்பிக்க வந்த இன்ஸ்பெக்டர் வண்டியின் கீழே படுத்துப் பார்த்தார். அரை மணி நேரம் பார்த்தார். ரங்கசாமியின் ஷெட்டில் நாங்கள் செய்யாததை ஒரு அரசாங்க ஊழியர் செய்தது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வண்டி ஓடுகிறது என்ற செய்தி எப்படியோ குழுவுக்குப் போய்விட்டது. எப்படியோ என்ன, என் கணவர்தான் படம் போட்டிருந்தார். பொங்கல் கழிந்த ஞாயிறு, கண்டோன்மெண்டில் ஒரு மைதானத்தில் பழைய கார் கண்காட்சி. எங்கள் வண்டியும் வர வேண்டும் என்று ரங்கசாமியே அழைத்தாராம். சரி, போவோம் என்றேன். கலீல் பாயையும் ஆபிதாவையும் அங்கே வரச் சொன்னேன். நான் ஓட்டினேன். மைதான வாசல் வந்ததும், "இங்கேருந்து நான் எடுத்துட்டுப் போறேனே?" என்றார் கணவர். நான் நிறுத்தவில்லை.

முப்பது கார். அதன் பக்கத்தில் முப்பது ஆண்கள், சஸ்பெண்டர் மாட்டிக்கொண்டு, வாயில் பற்ற வைக்காத பைப்போடு. ஒருவர் வேட்டிக்கு மேலே கோட்டு. போர்வெல் லாரியின் ஆயிலைக்கூடத் தொட்டிருக்காத கையால் ரங்கசாமி மைக்கைப் பிடித்திருந்தார்.

"நம்ம ஷெட்டுலேருந்து போன வண்டி. கைலாசபுரம் ஸ்தனிஸ்லாஸ் சாரோட கைவண்ணம்! சார், நாலு வார்த்தை பேசுங்க."

கணவர் மைக்கை வாங்கினார். நான் பிளாஸ்க்கும் கையுமாக இரண்டு முழத் தூரத்தில் நின்றிருந்தேன்.

"இது பொறுமையோட வேலை" என்று ஆரம்பித்தார். "ஒவ்வொரு ஸ்க்ரூவும் நாமளே கையால தொட்டு..."

நான் கூட்டத்தைப் பார்த்தேன். கலீல் பாயும் ஆபிதாவும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்குகிறவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று சட்டையில் ரோஜாப்பூ குத்திய ஒருவர் அவர்களைத் தடுத்திருந்தார். கலீல் பாய் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மைக்கில் வருவதைக் கேட்டு மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லாத சிரிப்பு. இதைவிட வேறென்ன எதிர்பார்த்தீங்க டீச்சர் என்பது போல. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போய்க் கயிற்றைத் தூக்கினேன்.

"மேடம், பாஸ் இல்லாதவங்க..." என்றார் ரோஜாப்பூ.

"வண்டி என்னுது. இவங்க செஞ்சது. நீங்க யாரு?"

அவர் யாருமில்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போல விலகினார். ஆபிதாவை முன்சீட்டில் உட்கார வைத்தேன். கலீல் பாய் பின்னால் இருந்த குறுகிய இடத்தில் முழங்காலை மடக்கி ஏறிக்கொண்டார். சாவியைத் திருப்பினேன். அந்த இன்ஜின் சத்தம் போடும். மைக்கில் என் கணவர் "தகடு விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் யாருக்கும் கேட்டிருக்காது.

"மேடம், மேடம், சீஃப் கெஸ்ட் இந்த வண்டியிலதான் ரவுண்டு வரணும்" என்று ரங்கசாமி ஓடி வந்தார். அவர் என்னோடு பேசியது அது இரண்டாவது முறை.

"அவர் புடவை அழுக்காயிடும்" என்றேன்.

திண்டுக்கல் ரோட்டில் மணப்பாறை வரைக்கும் போனோம். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆபிதா ஒரு கையால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"இதுக்கு நம்ம ஆட்டோ தேவலாம் டீச்சர். கண்ணெல்லாம் மண்ணு."

பின்னாலிருந்து கலீல் பாய், "மூணாவது கியர்ல ஒரு சத்தம் வருது. நாளைக்குக் கொண்டாங்க" என்றார். முறுக்கு வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்தபோது மதியம் ஆகியிருந்தது. கணவர் டவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லார் முன்னாடியும் என்னை அவமானப்படுத்திட்ட."

"நீங்க பொய் சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்." அவர் அதை ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "முப்பத்துநாலு வருஷம் பாய்லர் தகடு வாங்கினேன் பேட்ரி. தடிமன் என்ன, நீளம் என்ன, எந்தத் தேதிக்கு வரும். வாங்கினதுல ஒண்ணையாவது இன்னொரு தடவை திரும்பிப் பார்த்ததில்லை. அழகா இருக்குன்னு ஒரே ஒரு சாமான் வாங்கணும்னு தோணுச்சு. அதுல போய்க் குனிஞ்சு ஓட்டை தேடப் பிடிக்கலை. நீ முதல் நாளே சிரிச்ச. வாயால சிரிக்கலை, ஆனா சிரிச்ச. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என்னைக்காவது ஒரு தடவை என்னை மதிச்சிருக்கியா நீ?"

நான் பிளாஸ்க்கைக் கழுவப் போனேன். அவர் சொன்னதை அன்று கையுறை வாங்கிய மதியமே சொல்லியிருக்கலாமே என்று முதலில் தோன்றியது. பிளாஸ்க்கைத் துடைத்துக் கவிழ்த்து வைக்கும்போது, அன்றே சொல்லியிருந்தாலும் நான் சிரித்துத்தான் இருப்பேன் என்பதும் தெரிந்தது. மதுரைக்காரனுக்குப் பட்டி பார்த்துக் கொடுக்க நினைத்ததை அந்த நல்ல வார்த்தைகள் அழித்துவிடாது. இருந்தாலும் தட்டை எடுத்துவைத்து அவருக்குச் சோறு போட்டேன்.

அவர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, எனக்குச் சொல்லாமல் உறையூர் போயிருக்கிறார். கலீல் பாய்தான் பின்னால் சொன்னார். "சார் வந்தாரு. சும்மா நின்னாரு. எமரி பேப்பர் குடுத்தேன். யாரோ ஒருத்தரோட அம்பாசிடர் கதவை சாயங்காலம் வரைக்கும் தேய்ச்சாரு. மோசமில்ல டீச்சர், கை வருது." வீட்டில் அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. விரல் இடுக்கில் துரு இருந்தது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பும்போது, அவர் வாசலில் வந்து நின்று, "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். ஏறிக்கொள்ளச் சொன்னேன். மேலப்புதூர் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூரையை இழுத்து மூடினோம். அவர் பக்கத்தில் மட்டும், தையல் ஓரமாக, ஒழுகியது. இடது தோளில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கைக்குட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வழி நெடுக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆபிதாவிடம் சொன்னேன். பத்து நிமிட வேலை, இப்போதே முடித்துத் தருகிறேன் என்றாள்.

"அப்புறம் பார்த்துக்கலாம்" என்று, நாலு முறை அவிழ்க்கச் சொன்ன நானே சொல்லி வைத்திருக்கிறேன்.